அளந்தது, கணித்தது

செக்குண்டா. ஜூன். இரவு இரண்டே முக்கால்.
வெளியே மைனஸ் மூன்று.
குளிர்கோபுரங்கள் தங்கள் ஆவியைத்
தாங்களே போர்த்திக்கொண்டு நிற்கின்றன.
உள்ளே, கண்ணாடித் தொட்டியில்,
இருபத்தைந்து டிகிரியில் அசையாமல் நிறுத்திய நீருக்குள்
ஒரு நுண்குழாய்.
குழாய்க்குள்
போன வாரம் வரை கரியாக இருந்த ஒன்று.

மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு
அது இறங்க வேண்டும்.
இறங்குவதைப் பார்ப்பதுதான் என் வேலை,
கட்டைவிரலைக் கடிகாரத்தின் மேல் வைத்துக்கொண்டு.

சூத்திரம் சொன்னது நூற்று அறுபத்து நான்கு நொடி.
நூற்று அறுபத்து நான்கில்
இன்னும் கால்வாசி மிச்சம்.
இருநூற்றுப் பதினொன்று.
கழுவி, உலர்த்தி, மறுபடி நிரப்பி,
இருநூற்றுப் பன்னிரண்டு.
மறுபடி.
இருநூற்றுப் பதினொன்று.

பாலைவனத்து எண்ணெய்க்கென்று பிறந்த சூத்திரம்.
கொதிநிலையைக் கொடு, அடர்த்தியைக் கொடு,
மீதி ஜாதகத்தை நான் எழுதுகிறேன் என்னும்.
நீளமாய் ஒழுங்காய்ப் படுக்கும் சங்கிலிகளுக்குப் பலிக்கும்.
இதுவோ வளையம் வளையமாய்;
வளையத்தின் ஓரத்தில் ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன்.
பக்கத்து மூலக்கூறின் சட்டையைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்கிற பீனால்.
இருட்டில் படியிறங்கும் சனம்போல.
எத்தனை பேர் என்று எண்ணிவிடலாம்.
எத்தனை பிடி என்று
எந்த அட்டவணை சொல்லும்?

பொறியாளர் லபுஸ்காக்னி கெட்டவரில்லை.
போன வருஷம் வரைபடத்தில் என் புள்ளியைப் பார்த்தார்,
கோட்டைவிட்டுத் தள்ளி நின்ற ஒற்றைப் புள்ளியை.
"மந்தை தப்பிய ஆடு, மிசஸ் படையாச்சி" என்று
சிரித்தபடி விரலால் மூடினார்.
மூடியதும் கோடு அழகாகப் போனது.
பம்பை அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

ஜூலை உறைபனியில்
வெளிக்குழாயில் தேனாகி நின்றது திரவம்.
பம்பு முனகியது. பிறகு முனகவில்லை.
ம்லுங்கிசி திறக்கப் போனான்.
அவன் மணிக்கட்டில் இப்போது மூன்று திருகுகள்.

நான் சூத்திரத்துக்கு விரோதியில்லை.
இந்தத் தாளிலேயே
அளக்க முடியாத கட்டம் ஒன்று இருக்கிறது,
மாறுநிலை வெப்பம்.
திரவம் எது, ஆவி எது என்கிற பேதம்
கரைந்துபோகும் சூடு.
அங்கே போய்ச் சேருமுன்
இந்தக் கனத்த சரக்கு உடைந்து வேறாகிவிடுகிறது.
கலத்தைத் திறந்தால் கொஞ்சம் வாயு,
அடியில் மறுபடி கரி.
ஆகவே யாரும் கண்டிராத எண்ணை எழுதுகிறோம்,
தசமப் புள்ளியோடு.
எழுதத்தான் வேண்டும்;
வெற்றிடத்தை வைத்து
வடிகோபுரத்துக்குச் சுவர்க்கனம் போட முடியாது.
ஆனால் பக்கத்திலேயே எழுதுவேன்: கணித்தது.
அதற்கு அளந்ததன் சட்டையை மாட்டினால்தான்
பொய்.

ஐந்து மணிக்குள் எண் வேண்டுமாம், புதுப் பம்புக்கு.
மூன்று நொடிகளையும் எழுதினேன்,
சராசரியின் பின்னால் ஒளிக்காமல்.
வரைபடத்தில் என் புள்ளியை வைத்தேன்,
கொஞ்சம் பெரிதாகவே.
ஒரு விரல் போதாது இனி.

கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.
தார் வாடை போகவில்லை,
அது என்னோடு வீட்டுக்கு வந்து
மாவு பிசையும்.

கிடங்கு ஜன்னலில் ம்லுங்கிசி;
இப்போது கையுறை எண்ணிக் கொடுக்கிற உத்தியோகம்.
மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:
நாளை இன்னும் குளிரும்.
எவ்வளவு, என்றேன்.

அது உன் வேலை, என்றான்.