நாலு கிலோ

எக்ஸ்ரேவை ஜன்னல் பக்கம் பிடித்து
"முட்டிச் சில்லு நழுவுது" என்றார் வேப்பேரி டாக்டர்.
நாலு கிலோ ஜிக்கிக்கு
மாசம் எண்ணூறு ரூபாய் மாத்திரை.
கேட்டால் கேட்கும், நிச்சயமில்லையாம்.

காசிமேட்டு சங்கராவுக்குள் ஒளித்து வைத்தால்
மீனைத் தின்றுவிட்டு
மாத்திரையைத் துப்புகிறது, அலம்பினாற்போல.
ஃபிலோமினா அம்மியில் பொடிக்கிறாள்.

படி ஏறவே கூடாது.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில்
மூன்று மாடியும் என் கக்கத்தில் சவாரி.
படிக்குப் படி ஒரு முட்டி நறநறக்கிறது.
ஜிக்கி காதை நிமிர்த்துகிறது.
அதனுடையது இல்லை.

ஐம்பதாம் நாள்
தண்ணி லாரி ஹாரனுக்கு
நான் குடம் தேடுவதற்குள்
நாலு காலும் ஊன்றி வாசலில் நிற்கிறது.
மாத்திரையா, மீனா?

டப்பாவை ஆட்டுகிறேன். ஒன்பது மிச்சம்.
"நாய்களுக்கு மட்டும்."
கண்ணாடி போட்டு
மறுபடி படிக்கிறேன்.