பதினாலு கிலோ

வால்வு பதினொரு கிலோ.
அதன் கோப்பு பதினாலு.
நிறுத்துப் பார்த்தவள் நான்தான்,
ராணிப்பேட்டை சிப்காட்டில்
டிஸ்பாட்ச் தராசில்,
எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது.

அணு உலைக்குப் போகும் வால்வு.
என் பொறுப்பு கோப்பு மட்டும்.
இரும்பை உருக்கிய தேதி, வார்ப்பு எண்,
எக்ஸ்ரே பன்னிரண்டு,
வெல்டரின் கண் நன்றாக இருக்கிறது என்ற சான்று,
கண்ணைப் பார்த்தவரின் உரிமம்
இன்னும் காலாவதியாகவில்லை என்ற சான்று.
மும்பையிலிருந்து வருபவர் ஒன்று கேட்பார்.
வாங்குகிறவர் ஒன்று கேட்பார்.
இருவருக்கும் நடுவில் நிற்கும் மூன்றாமவர்
அதையே கேட்பார், வரிசை மாற்றி.
மொத்தம் முப்பத்தேழு படிவம்.

ஒன்பதாவதும் இருபத்திரண்டாவதும்
ஒரே கேள்வி: உட்புறம் சுத்தமா?
ஒன்பதில், எட்டிப் பார்த்து எழுதுகிறேன்.
இருபத்திரண்டில்,
ஒன்பதைப் பார்த்து எழுதுகிறேன்.

எவரும் பொழுதுபோகாமல் எழுதியதல்ல, தெரியும்.
எங்கோ ஓர் இரவு
ஒரு திருகாணி தளர்ந்திருக்கும்: ஒரு பத்தி.
எங்கோ ஒருவன் கண்ணயர்ந்திருப்பான்: ஒரு பத்தி.
பத்திகள் பிறந்துகொண்டே இருக்கின்றன.
ஒன்றாவது செத்ததாக
இன்றுவரை சுற்றறிக்கை வந்ததில்லை.

கத்திரி வெயிலில் ஒரு சனிக்கிழமை
முப்பத்தேழும் முடிந்து
பெட்டியில் ஆணி அடிக்கும் நேரம்.
எத்திராஜுலு வந்தார்,
வெல்டிங்கில் இருபத்தாறு வருஷம்.
செம்பு மோதிரத்தால் வால்வைத் தட்டினார்.
(மோதிரம் கூடாது என்பது
பதினேழாம் படிவம்.)
"சத்தம் சரியில்ல மேடம்."
"எல்லாம் ஓகே ஆயிடுச்சே அண்ணா."
"ஓகேதான். உள்ள இன்னாவோ கீது."

அறுத்துப் பார்த்தார்கள்.
நகக்கண் அளவு விரிசல்,
பன்னிரண்டு படத்துக்கும் முகம் காட்டாமல்
ஒருக்களித்துப் படுத்திருந்தது.

தட்டிப் பார்த்ததை எங்கே எழுதுவது?
கட்டம் இல்லை.
"இதர" என்ற இடத்தில் நுணுக்கி எழுதினேன்.
அதுதான் என் தப்பு.

மூன்றே வாரம். வந்தது முப்பத்தெட்டு.
தட்டினால் எழும் ஒலி: திருப்தி / திருப்தியில்லை.
இணைப்பு: தட்டுபவரின் செவித்திறன் சான்று.
கிரைண்டருக்குப் பக்கத்திலேயே
இருபத்தாறு வருஷம் நின்றவருக்கு
இடது காது பாதிதான் என்றது வேலூர் ஆஸ்பத்திரி.
இப்போது தட்டுவது
பாலிடெக்னிக் முடித்த பையன் தமீம்.
இரண்டு காதும் நூற்றுக்கு நூறு.
தினமும் திருப்தி என்று எழுதுகிறான்.
தட்டிய சத்தம்
சில நாள் எனக்குக் கேட்பதில்லை.

இருபத்திரண்டை எடுத்துவிடுங்கள்,
மிச்சமாகும் ஐந்து நிமிடத்தில்
இன்னொரு தரம் எட்டிப் பார்க்கிறேன் என்று
ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம்,
மூடிக் கிடக்கும் கெமிக்கல் கம்பெனி.
அதன் பின்னால் ஒரு கிணறு.
தண்ணீர் மஞ்சள், எலுமிச்சை ஊறுகாய் நிறம்.
மாடுகூட வாய் வைக்காது.
அங்கே எவரும் எதையும் கேட்டதில்லை.
ஒன்பதும் இல்லை, இருபத்திரண்டும் இல்லை.
நிறுத்துப் பார்க்க ஒரு தாள்கூட இல்லை.

பேனாவை மூடினேன்.
மறுநாள் திறந்தேன்.
கடிதம் போய்விட்டது.
பதில் வந்திருக்கிறது: கோரிக்கையை
உரிய படிவத்தில் அனுப்பவும்,
மூன்று நகல்.

நேற்று இரவு ஷிப்ட்.
முத்துக்கடை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று
வேகமாகப் போன எத்திராஜுலு
பெட்டிகளுக்கு நடுவில் கொஞ்சம் நின்றார்.
முதுகு சொறிகிறவர் மாதிரி
கையைப் பின்னால் விட்டு
டிங்.
வலது காதைச் சாய்த்தார்.
என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

நான் எதையும் எழுதவில்லை.
கோப்பு இப்போது
பதினாலு கிலோ நானூறு.