ஒன்றுக்கு இருபது

கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சுவர்.
பந்தர் தெருவில் எடைக்கு வாங்கினேன்.
மிச்சமாகிப்போன யாரோ இருவரின் சுபமுகூர்த்தம்
வெளியே தெரியாதபடி
அச்சுப் பக்கங்களை முகத்தோடு முகம் ஒட்டினோம்.

எட்டாம் வகுப்பு 'பி', முப்பத்தொரு பேர்,
புளியந்தோப்பு, மாடியறை, ஓடுகிற மின்விசிறி ஒன்று.
விதி இரண்டுதான்.
உன் வீட்டை இருபதில் ஒன்றாகச் செய்.
அந்த வீட்டில் நடந்ததை ஒரு கதையாகச் சொல்,
கதைக்குள் ஓர் எண் இருக்கட்டும்.

மீட்டர் ஐந்து சென்டிமீட்டராய்ச் சுருங்கியது.
உதட்டுச்சாய மூடி, கேஸ் சிலிண்டர்.
ஒன்றன்மேல் ஒன்றாய் நிமிர்ந்த தீப்பெட்டிகள், பீரோ.
சட்டைப் பொத்தானில் சாப்பாடு போட்டார்கள்.

இர்ஃபானின் வீட்டுக்குள் நிஜ எறும்பு நுழைந்தது.
"அரை சென்டிமீட்டர் மிஸ், இருபதால பெருக்குங்க.
இது எறும்பில்ல, சுண்டெலி!"
கதை அவ்வளவுதான். கைதட்டல்தான் நிற்கவில்லை.

கெசியா கடைசியில் வந்தாள்.
ஒரே அறை, பதினைந்துக்குப் பதினைந்து.
உள்சுவரில் மெழுகு உருக்கிப் பூசியிருந்தாள்,
எதற்கென்று நான் கேட்கவில்லை.
கையில் ஒரு லிட்டர் பாட்டில்.
"இதான் மிஸ் கதை" என்று
கூரையைக் கழற்றிவிட்டு ஊற்றினாள்.

சிலிண்டர் மிதந்தது. பொத்தான்கள் மூழ்கின.
பாட்டில் காலியானபோது
நீர் வந்து நின்ற இடத்தில்
ஏற்கெனவே ஒரு பென்சில் கோடு இருந்தது.
நாலு புள்ளி நாலு.

"நிஜத்துல எவ்ளோ தண்ணி?"
"இருபது லிட்டர்" என்றது முன்வரிசை.
"ஒரு பக்கெட்டா?
ஒரு பக்கெட் தண்ணிக்கா எங்கம்மா அப்படி அழுதுச்சு?"

நீளத்துக்கு இருபது, அகலத்துக்கு இருபது,
உயரத்தை மறந்திருந்தார்கள், அதற்கும் இருபது.
எட்டாயிரம்.
மூன்றாவது சுழியை நான் மூடுவதற்குள்
நிதர்சன் எழுந்தான், எதையும் கழித்துப் பார்ப்பவன்:
"பீரோ அடைச்ச எடத்தக் கழிக்கணும் மிஸ்."
"பீரோவுக்குள்ளயும்தான் வந்துச்சு" என்றாள் கெசியா.
அவன் உட்கார்ந்துவிட்டான்.

எட்டாயிரம் என்றால் எவ்வளவு?
யாருக்கும் கண்ணில் தெரியவில்லை,
"லாரி!" என்று இர்ஃபான் கத்தும்வரை.
மெட்ரோ வாட்டர் லாரி, கிட்டத்தட்ட முழுசாய் ஒன்று.
மே மாதத்தில் வீட்டுக்கு ஏழு குடம்,
குடத்துக்குப் பதினைந்து லிட்டர்.
நான் சொல்லாமலே வகுக்கத் தொடங்கினார்கள்.
ஐந்நூற்று முப்பத்து மூன்று குடம், சொச்சம்.
எழுபத்தாறு தடவை வரிசையில் நின்று
எழுபத்தாறு தடவை சண்டை போட்டு வாங்கவேண்டிய தண்ணீர்
டிசம்பரில் ஒரே ராத்திரி
கூப்பிடாமலே வீட்டுக்குள் வந்திருக்கிறது.
யாரோ சிரித்தார்கள். பிறகு கெசியாவும்.

பாடக்குறிப்பேட்டில் 'கற்றல் விளைவு' என்றொரு கட்டம்.
'கன அளவு' என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி அதையே எழுதினேன்.

வீடு மூன்று நாள் சன்னலோரம் காய்ந்தது.
மெழுகு விட்டுப்போன மூலையில் அட்டை உப்பிப் பிரிந்து
மாப்பிள்ளை பெயரில் பாதி எட்டிப் பார்த்தது.

நாலாம் நாள்
கட்டில் உயர்ந்திருந்தது.
ஒவ்வொரு காலுக்கடியிலும்
சிவப்பு அட்டைத் துணுக்குகள், ஆறாறு.
"கட்டில் நாப்பத்தஞ்சு, ஒரு கல்லு ஏழரை.
ஆறு வச்சா தொண்ணூறு மிஸ்.
எங்க வூட்டுச் செவுத்துல கோடு எம்பத்தொம்போதுதான்,
டேப்பு வச்சு அளந்தேன்."

சரி என்றேன். சரியாகத்தான் இருந்தது.
ஐப்பசி பிறந்து நாலு நாள்.
ஓட்டேரி நல்லா பக்கமிருந்து ஈரக்காற்று
கரும்பலகைத் தூளைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"நாலு காலுக்கு இருபத்துநாலு.
முழு செங்கல்லா வேணும் மிஸ், ஒடஞ்சது ஆவாது.
எங்க கெடைக்கும்?"