இருபத்தாறாம் தேதிக்கு ஆரஞ்சு

மெயில் இவ்வளவுதான்:
ராஜாவின் பிறந்தநாள் ஏப்ரல் இருபத்தேழு.
இந்த ஆண்டு அது ஞாயிறு.
ஆகவே இருபத்தாறு.
ஆரஞ்சு ரோஜா மட்டும் அனுப்பவும்.
காம்பு அறுபது சென்டிமீட்டர்,
இதழ் கால்வாசி விரிந்திருக்கலாம்.

தளி ரோட்டில் எங்கள் பேக்கிங் கொட்டகை.
வெளியே தார்
செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
உள்ளே நான்கு டிகிரி.
ஸ்வெட்டருக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை போட்டு
முனிரத்னா காம்பு அளக்கிறாள்.

"பொறந்த நாளை நகத்த முடியுமா மேடம்?"
"ராஜா நகர்த்தலாம்."
கொஞ்ச நேரம் கத்தரிக்கோல் மட்டும் பேசியது.
"எங்களுதும் நகந்ததுதான்."

சம்பளப் பதிவேட்டைப் புரட்டினேன்.
கெம்பம்மா, நாகவேணி, திம்மக்கா, முனிரத்னா,
பதினேழு பேரில் பதினொரு பேர்
பிறந்தது ஜூன் ஐந்து.
கெலமங்கலத்துப் பள்ளியில்
தலையைச் சுற்றி வந்த விரல்
காதைத் தொட்டதும்
தலைமையாசிரியர் போட்ட தேதி.
அந்த ஒரு நாள்
மருத்துவச்சிக்கு உட்கார நேரம் இருந்திருக்காது.

ஏன் ஆரஞ்சு, என்றாள் திம்மக்கா.
ராஜா குடும்பத்துப் பேரே அதுதான் என்றேன்.
அன்றைக்கு அங்கே
படகில் ஆடுகிறவனுக்கும் அவன் நாய்க்கும்
ஒரே நிறச் சட்டை.
"எம் மாமனார் பேரு பச்சையப்பன்.
நான் என்னத்த உடுத்த?"

இந்தச் செடி ஒவ்வொன்றுக்கும்
அந்த ஊருக்கு ராயல்டி கட்டுகிறோம்.
ராஜாவுக்கா என்று கேட்டார்கள்.
இல்லை, செடியைக் கண்டுபிடித்தவருக்கு.
"ஏன், தொலைஞ்சா போயிருந்தது?"
பதில் தேடும்போது டேப் தீர்ந்துவிட்டது.
எடுத்து வரப் போனேன்.

படித்த இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தேன்:
அன்று ஒரு நாள்
தெருவில் யாரும் எதையும் விற்கலாம்.
லைசென்ஸ் வேண்டாம்.
பிள்ளைகள் போர்வை விரித்து
காதறுந்த பொம்மைக்கு விலை சொல்லும்.

முனிரத்னாவின் கத்தரி நின்றது.
"நகராட்சிக்காரன்?"
"வரமாட்டான்."
"தராசத் தூக்கிட்டுப் போகமாட்டான்?"
"மாட்டான்."
போன ஆடியில் தக்காளியோடு போன தராசு.
அதைப் பற்றி அவள் பேசவில்லை.
அடுத்த காம்பை எடுத்தாள். ஐம்பத்தொன்பதரை.
எறிந்தாள்.

இருபத்து மூன்றாம் தேதி இரவு வண்டி கிளம்பியது.
மிஞ்சியவை இருநூற்றுப் பதினான்கு:
கழுத்து வளைந்தவை,
இதழ் ஓரம் கறுத்தவை,
அரை சென்டிமீட்டரால் தோற்றவை.
குழிக்குப் போகவேண்டும்.
வெட்டி மண்ணில் புதைத்ததாகக் கையெழுத்து வேண்டும்.
மறுநாள் காலை குழியை எட்டிப் பார்த்தேன்.
இலைகள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை.
ராஜா கொண்டாடி முடித்துவிட்டார்,
தெருவைக் கழுவியும் இருப்பார்கள்.
நான் கிருஷ்ணகிரி பஸ்ஸில், ஜன்னலோரம்.
ஓசூர் பஸ் நிலையத்து வாசலில்,
கரும்புச் சாறு வண்டிக்கும் செல்போன் கவர் கடைக்கும் நடுவே
யூரியா சாக்கு விரித்து முனிரத்னா.
நாலு நாள் வாளித் தண்ணீரில்
கால்வாசி விரிந்ததெல்லாம்
முழுசாக விரிந்துவிட்டது.
அறுபது சென்டிமீட்டரை அங்கே யாரும் கேட்கவில்லை.
ஒருத்தி காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு
பூவை மட்டும் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

காக்கிச் சட்டை ஒன்று வந்தது.
கையில் ரசீதுப் புத்தகம்.
சாக்கின் ஓரத்தைப் பூட்ஸால் தொட்டது.
முனிரத்னா எழுந்திருக்கவில்லை.
நிமிர்ந்து என்னவோ சொன்னாள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை,
வாய் அசைந்தது தெரிந்தது.
ராஜா என்று இருக்கலாம்.
அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்,
யாரோ வருவதுபோல.
கண்டக்டர் விசில் அடித்தார்.

திங்கள் காலை பதிவேடு கேட்டது:
கழிவு எத்தனை, எங்கே போயிற்று?
இருநூற்றுப் பதினான்கு.
குழிக்கு.
தேதிக் கட்டத்தில் கை தானாக
ஜூன் என்று தொடங்கியது.
அடித்துவிட்டு எழுதினேன்.
அதற்குள் முனிரத்னா வந்து
ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.
சட்டைப் பையில்
புதுத் தராசுக் கல் ஒன்று தொங்கிற்று.
அரைக் கிலோ.