சூர்

இந்த ஊருக்கு சூர் என்று பெயர்.
அரபியில் என்ன பொருளோ, கேட்டதில்லை.
தமிழில் அச்சம். ஆளைப் பிடித்து வருத்தும் ஒன்று.
ஓமன் விசாத் தாளில் முதன்முதலாகப் படித்தபோது
சிரித்தேன்.
அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
இரவு ஷிப்ட் ஆபரேட்டர்.
சவ்வில் உப்புப் படியாமலிருக்க ஒரு மருந்து,
குளோரினை முறிக்க இன்னொன்று,
கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்பு
(ரொம்பச் சுத்தமான நீர் குழாயை அரித்துவிடும்).
டோஸைக் கூட்டினால் பத்து நிமிடத்தில்
திரையில் எண் நகரும்.
பதினோரு வருடமாக
எண் நகர்வதைப் பார்த்தே சம்பளம் வாங்குகிறேன்.

ஜூனில் ஓர் இரவு அலாரம் அடித்தது.
காதில் விழுந்தது. எந்தப் பொத்தான் என்றும் தெரிந்தது.
கைதான் எழவில்லை.
யாரோ மறந்துவைத்துப் போன கையுறை மாதிரி
மேசைமேல் கிடந்தது.
பக்கத்து நாற்காலியிலிருந்து சதக்கத்துல்லா
எட்டி அழுத்தினார்.
ஒன்றும் கேட்கவில்லை.
விடிந்ததும் காரில் ஏற்றி
மஸ்கட் வரை இரண்டு மணி நேரம்
தன் பல்வலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஹனான் சூடான்காரர்.
என் வேலையைக் கேட்டுவிட்டு
ஒரு பழைய உறையின் பின்பக்கம் வரைந்தார்:
இரண்டு நரம்பு முனை. நடுவே, முடியிழைகூட நுழையாத இடைவெளி.
ஒரு கரை அனுப்புகிறது.
அனுப்பியதை அதே கரை
திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது.
மாத்திரை அந்த உறிஞ்சலைத் தடுக்கும்.

அப்படியென்றால் எனக்கு செரட்டோனின் குறைவா டாக்டர்?
எத்தனை பிபிஎம்?

பேனாவை மூடினார்.
"அப்படி ஓர் எண்ணை என்னால் அளந்து தர முடியாது.
குறைவு என்று ஒரு காலத்தில் சுலபமாகச் சொன்னோம்.
இப்போது சொல்ல வாய் வரவில்லை.
மாத்திரை சில மணி நேரத்தில் தன் வேலையைத் தொடங்கிவிடும்.
உங்களுக்குத் தெரிய நாலு வாரம், ஆறு வாரம்.
நடுவில் என்ன நடக்கிறதென்று
எங்களுக்கே பாதிதான் தெரியும்.
நிறையப் பேருக்கு உதவுகிறது, அது தெரியும்.
உதவாவிட்டால் வேறு பார்ப்போம்.
நீங்களாக நிறுத்தாதீர்கள்."

மீட்டர் இல்லாத ஆலை.
எப்படி ஓட்டுவது?
ஆனாலும் அந்தப் பாதியைச் சொன்னதால்தான்
மீதியை நம்பினேன்.

முதல் வாரம் குமட்டல். கொட்டாவி.
நாக்கில் மணல்.
மாத்திரைகளை விட்டமின் டப்பாவுக்கு மாற்றிவைத்தேன்,
கம்பெனிக்குத் தெரிந்தால் டிக்கெட் போட்டுவிடுவார்களோ என்று.
இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை.
மூன்றாம் வாரமும் ஒன்றுமில்லை.
ஜெபராணி வீடியோவில் கேட்டாள்:
"மாத்திரை போட்டுச் சிரிச்சா
அது உங்க சிரிப்பா, மாத்திரையோட சிரிப்பா?"
நெட் கட்டானது போல
முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டேன்.
அவள் நம்பவில்லை.
அவளுக்கு என் அசையாத முகம் பழக்கம்.

ஐந்தாம் வாரம், வெள்ளிக்கிழமை, மெஸ்ஸில்
"பருப்பில் உப்பில்லை" என்று கத்தினேன்.
மூன்று மாதமாக
போட்டதைத் தின்றுவிட்டு எழுந்துபோனவன்.
கரண்டியோடு வெளியே வந்த முத்துக்கருப்பன்
என்னையே பார்த்தான்.
சதக்கத்துல்லா தட்டைக் கீழே வைத்துவிட்டு
கண்ணில் நீர்வரச் சிரித்தார்.
எனக்கு வெறும் கோபம்தான்.
நல்ல கோபம். சூடாக இருந்தது.

அது மாத்திரையா,
அந்த மனிதரின் பல்வலிக் கதையா,
ஜூன் போய் காற்று மாறியதா,
பிரித்துக் காட்ட என்னிடம் சவ்வு இல்லை.
அழுகை இன்னும் வரவில்லை,
வரவேண்டிய இடத்திலும்.
அடுத்த முறை ஹனானிடம் சொல்லவேண்டும்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பத்து மில்லிகிராம்.
ஊர்ப்பெயர் அதேதான்.
இரண்டு நாற்பதுக்கு லாக் புத்தகத்தைத் திறந்து
எல்லா அளவும் சரி என்று எழுதி
கையெழுத்துப் போடுகிறேன்,
ஆலைக்கு மட்டும்.