பச்சை நூல்

வைகாசிக் காற்று மலை இறங்குமுன்
மோட்டாரைக் கழற்றிவிட வேண்டும்.
ஆனியும் ஆடியும் காசல்ரீ யாருக்கும் வசப்படாது.
படகு கரையில் குப்புறக் கிடக்கும்,
பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு
மூன்று மைல் சுற்றி நடப்பார்கள்.

எட்டுக் குதிரைச் சக்தி, இருபத்தேழு கிலோ,
குவைத்தில் யாரோ வீட்டுத் தரையைப்
பதினொரு மாதம் துடைத்த காசு.
கொழுந்துக் கூடை சுமந்த முதுகு
இதைத் தூக்க மாட்டேன் என்று சொன்னதில்லை.
முனகும், அவ்வளவுதான்.

காம்பராவுக்குப் பின்னால்
நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி
விளிம்பில் மாட்டிக் கயிறு இழுத்தேன்.
ஐந்தாவது இழுப்பில் இருமிக்கொண்டு எழுந்தது.
லயத்து நாய்கள் எல்லாம் பதில் சொல்லின.
பக்கத் துவாரத்தில்
தண்ணீர் விர்ரென்று பீய்ச்ச வேண்டும்.
சளி பிடித்த பிள்ளையின் மூக்காய் ஒழுகியது.
ஈர்க்கு விட்டுக் குடைந்தேன்:
பாசி, மணல்,
எங்கிருந்தோ ஒரு தேயிலைக் காம்பு.

பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு
ஓடட்டும் என்று விட்டேன்.
கார்பரேட்டரில் மிச்சமிருப்பதைக் குடித்துத்
தானாக நிற்க வேண்டும்,
உள்ளே தங்கினால் பிசினாகிவிடும்.
மூன்று நாள் வரிசையில் படுத்து
ஐந்து லீட்டர் வாங்கியவளுக்கு
அந்தக் கடைசி முக்கலைக் கேட்பது
கொஞ்சம் கஷ்டம்தான்.

பிறகு கியர் எண்ணெய்.
கீழ்த் திருகைத் திறந்தேன்,
பால்தேத்தண்ணி வந்தது.
எண்ணெய்க்குள் தண்ணீர்.
எங்கேயோ ஒரு ரப்பர் வாய் மூடவில்லை.

விசிறியைக் கழற்றினால்
தண்டைச் சுற்றி, சீலுக்குள் பல் பதித்து,
பச்சை நைலோன் நூல்.
பச்சை நூலில் வலை போடுகிறவன்
இந்தக் கரையில் ஒருவன்தான்.

தை மாதத்து நடுச்சாமம்.
ஜெயசீலிக்குப் பனிக்குடம் உடைந்திருந்தது.
ரோட்டில் மண் சரிந்து லொறி வரவில்லை.
இஞ்ஞாசி அணியத்தில் நின்று
டோர்ச் அடித்துக்கொண்டே கத்தினான்:
"சுத்தாத அக்கா, நேரா விடு, நேரா."
நேராகத்தான் விட்டேன்.
நடுத்தண்ணீரில் மோட்டார் ஒருமுறை விக்கியது.
எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.
வலை எங்கே கிடக்கிறது என்று
எனக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரியும்.

ஒரு கண் அறுந்தாலே
ஒரு மாதம் ஊரை ஏசுகிறவன்
இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
அவன் மகளுக்குப் பல் முளைக்கிறது,
ராத்திரி முழுக்க எனக்கும் தூக்கமில்லை.

ஹட்டன் கடைக்காரன்
சீலுக்கு நீர்கொழும்புக்குச் சொல்லிவிடணும் என்றான்,
எண்ணூறு ரூபாய், பஸ் கூலி வேறு.

பேனாக்கத்தியால் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது
இஞ்ஞாசி வந்தான், மோட்டார் தூக்க.
குவிந்து கிடந்ததைப் பார்த்தான்.
குந்தியிருந்து,
எண்ணெய்ப் பிசுக்கைச் சாரத்தில் துடைத்துத் துடைத்து
நான்கு விரலில் சுற்றினான்.
"இது தைக்க ஆகும் அக்கா" என்றான்.
"சீல் எண்ணூறு" என்றேன்.
"ம்" என்றான்.

உரச் சாக்கைப் போர்த்தி
ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.
படுக்கப் போடப் பார்த்தான்.
"நிமித்தி வை இஞ்ஞாசி,
படுத்தா தண்ணி தலைக்கு ஏறும்."

மூலையில் நிமிர்ந்து நிற்கிறது.
விடியும்வரை சொட்டியது,
கீழே ஜாம் போத்தல் வைத்திருக்கிறேன்.
வெளியே காற்று மாறிவிட்டது.