பதினொரு நாள் மிச்சம்

என் பதவியின் பெயர் சமூக மேலாளர்.
சமூகம் என்றால் நாற்பத்தாறு நாற்காலி,
இரண்டு அச்சுப்பொறி,
வாரம் தவறாமல் அடைத்துக்கொள்ளும் காப்பி இயந்திரம்.
டாலின் துறைமுகத்துக்குப் பின்னால்
முன்பு ஒட்டுப்பலகை ஆலையாக இருந்த கட்டடம்.
அப்போது ஏழு மணிக்குச் சங்கு ஊதுமாம்.
இப்போது யார் எப்போது வந்தாலும்
கதவு சின்னதாய் ஒரு பீப் சொல்லும்,
அவ்வளவுதான் வரவேற்பு.

ரைவோ வந்தது அக்டோபரில்.
ஜன்னலோரம், பதினான்காம் எண் மேசை.
உங்கள் அலுவலகம் எங்கே என்று ஒருமுறை கேட்டேன்.
கொஞ்சம் யோசித்து,
"சம்பளம் டப்ளினிலிருந்து வருகிறது" என்றார்.

டிசம்பர் பதினொன்று, பிற்பகல் மூன்று மணி.
வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.
கண்ணாடிக் கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்
பாதியில் நிறுத்தினார்.
உள்ளே பேசுவது வெளியே கேட்காத கூண்டு, நல்ல தரம்,
நான்தான் பேரம் பேசி வாங்கினேன்.
கடவுச்சொல்லைத் தட்டுவது தெரிந்தது.
மறுபடி.
மறுபடியும், ஒவ்வோர் எழுத்தாக,
காது கேளாத அதிகாரியிடம்
தன் பெயரை எழுத்துக்கூட்டுகிறவர் போல.

மூன்று நாலுக்கு எனக்கொரு மின்னஞ்சல்:
பதினான்காம் மேசைக்கு
மாதக் கடைசிக்கு மேல் பணம் வராது.
அவர் கூண்டை விட்டு வருவதற்குள்
எனக்குத் தெரிந்துவிட்டது.

மற்ற இடத்தில் வேலை போனால்
கூட இருப்பவர்கள் சேர்ந்து முதலாளியைத் திட்டுவார்கள்,
பெட்டியில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு
லிஃப்ட் வரை வருவார்கள்.
இங்கே இடப்பக்கம் லீலோ,
படங்களுக்கு வசனவரி எழுதுகிறவள், காதை மூடியிருந்தாள்.
வலப்பக்கம் காற்றாலைகளுக்குக் காப்பீடு விற்கும் பையன்.
எதிரே இருந்தவரை எனக்கே தெரியாது, ஒருநாள் வாடகை.
யாரிடம் போய்ச் சொல்வது?

நாட்காட்டியை எடுத்து எண்ணினேன்.
நாங்கள் மூடும் நாள்கள் போக
பதினொன்று.

மறுநாள் எட்டரைக்குப் பீப்.
காலணியில் சாலை உப்பு.
நிறுவனத்தின் கணினி இல்லை;
வீட்டிலிருந்து பழையது ஒன்று,
மூடியில் பிள்ளை ஒட்டிய பச்சை டைனோசர்.
பன்னிரண்டுக்குச் சாப்பாடு, ஐந்துக்குக் கிளம்பல்.
திங்கட்கிழமை அவர் பின்னால் நடந்தபோது
ஓரக்கண்ணால் பார்த்தேன்.
வேலை தேடும் பக்கம் இல்லை, சீட்டாட்டமும் இல்லை.
ஹெல்சின்கிக் கப்பல்கள் வந்துபோகும் கால அட்டவணை.
ஜன்னலைத் திறந்தால் அதே கப்பல்கள்தான்.

நான் எதுவும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதும் என் வேலையில் சேர்த்தியா என்று
ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினேன்.
அதில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது இருக்கிறது.
பிறந்தநாள் கேக் இருக்கிறது.
வசந்தத்தில் ஒரு செயலி வரப்போகிறது, கதவையும் கேக்கையும்
அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி, கூடத்தில் நாங்கள் மூவர்.
லீலோ காதைத் திறந்து அவர் பக்கம் திரும்பினாள்:
"ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன்,
இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா?"

ரைவோ தன் கணினியை மூடினார்.
நாற்காலியைத் திருப்பி
அவள் கணினிக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.
திரையில் நிறுத்திவைத்த ஒரு முகம்,
வாய் பாதி திறந்து,
கீழே இன்னும் வசனம் எழுதாமல்.
நாற்பது நிமிடம்.
காப்பிக்கு எழவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை.
திரை மங்கப்போகும் போதெல்லாம்
ஒரு விரலால் சுட்டியைத் தொட்டு
அந்த முகத்தை விழிக்கவைத்தார்.

"தொந்தரவு கொடுத்துவிட்டேன்" என்றாள் வந்து.
"இல்லை, இல்லை" என்றார்,
முகமெல்லாம் சிவந்து.

ஐந்து மணிக்கு என் மேசைக்கு வந்தார்.
கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.
அட்டையை நீட்டினார்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
"நள்ளிரவு வரை செல்லும்,
இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது" என்றேன்.

கடிகாரத்தைப் பார்த்தார்.
அட்டையைத் திரும்பப்
பையில் போட்டுக்கொண்டார்.